அருவியின் அருகே நின்ற மனிதன்

அருவியின் முன் நேரில் போய் நிற்கிறவன் அதன் பெருமையைக் கண்ணால் மட்டும் அறிகிறான் என்று எண்ணுவது பிழை. உச்சியைத் தேடி அண்ணாந்து பார்க்கும்போது கழுத்தில் உண்டாகும் நோவும், பக்கத்தில் நிற்பவனுடைய பேச்சைக் காதுக்கு எட்டவொட்டாமல் விழுங்கிவிடும் இரைச்சலும், தூரத்திலேயே மேனியில் வந்து படியும் சாரலும், காலடிப் பாறையின் அதிர்வும் ஒன்று சேர்ந்துதான் ‘இது பெரிது’ என்ற ஞானத்தை அவனுக்கு அளிக்கின்றன. சித்திரத்தில் இவற்றுள் ஒன்றுமே கிடையாது. மனிதனுக்கு ஐந்தரை அடி, வாயிற்படிக்கு ஏழு அடி என்று நம் மனத்தில் ஊறிப்போன பிரமாணங்கள் பல இருக்க, விழுகிற நீருக்கு மட்டும் சொந்தப் பிரமாணம் எதுவும் இல்லாமையால், இருபதடி ஓடைச் சரிவும் இரண்டாயிரம் அடி மலையருவியும் தாளில் இறங்கியதும் ஒரே மாதிரியான வெள்ளைக் கோடாகிவிடுகின்றன. அந்தக் கோட்டுக்கு உரிய அளவை வேறொரு பொருளிடமிருந்து இரவல் பெற்றே தீரவேண்டும். எதனிடம் பெறுவது, பெற்ற அளவு மெய்யா பொய்யா என்ற விசாரமே, அருவிகளைச் சித்திரித்தவர்களுடைய இருநூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தின் உட்பொருள் என்று சொல்லலாம்.

நயாகராவை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர் லூயி ஹென்னபின் என்ற பாதிரியார். 1678-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக் கடுங்குளிரில் அதைக் கண்ட அவர், 1683-இல் வெளியிட்ட நூலில் அதன் உயரத்தை ஐந்நூறு அடிக்கு மேலென்று எழுதினார். 1697-இல் வெளிவந்த மற்றொரு நூலில் அதுவே அறுநூறு அடியாக வளர்ந்துவிட்டது. உண்மையில் நயாகரா 170 அடிக்குச் சற்றுக் குறைவானது. அந்த இரண்டாவது நூலில் இடம்பெற்ற செதுக்குச் சித்திரமே நயாகராவைப் பற்றி அச்சேறிய முதற்சித்திரம் என்று பிரசித்தி பெற்றது. அதன் முன்புறத்து மூலையில் சின்னஞ்சிறிய மனிதர் சிலர் நிற்கிறார்கள்; அவர்களுள் ஒருவர் பேரோசையைத் தாங்கமாட்டாமல் காதுகளைப் பொத்திக்கொண்டிருக்கிறார். சித்திரத்தால் ஒலியைத் தரமுடியாத குறையை அந்தப் பொத்திய கைகளால் ஈடுசெய்ய முயன்ற சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். ஆயினும் அந்த மனிதர்கள் அருவிக்குக் கடனாகக் கொடுத்தது பொய்யளவு. ஆளுருவத்தைச் சிறிதாக வரைந்துவிட்டால் அருவி தானே பெரிதாகிவிடும் என்ற இரகசியத்தைச் சித்திரக்காரர்கள் அந்தக் காலத்திலேயே அறிந்திருந்தார்கள்; அதைக் கட்டுப்படுத்தக்கூடிய சாட்சி ஒன்றும் அப்போது பிறக்கவில்லை.

கண் எப்போதும் மிகைப்படுத்தியே சொல்லும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1855-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி ஸாம்பஸி நதியில் விக்டோரியா அருவியைக் கண்ட டேவிட் லிவிங்ஸ்டன், பேரைப் பெருக்கிக்கொள்ளும் ஆசை சிறிதுமின்றி, அதன் ஆழத்தை ஏறக்குறைய நூறடி என்று மதிப்பிட்டார். ஐந்தாண்டுகள் கழித்து அவர் மறுபடியும் அங்கே சென்றபோது, துப்பாக்கிக் குண்டுகளையும் வெள்ளைத் துணித்துண்டு ஒன்றையும் நுனியில் கட்டிய கயிற்றைப் பாறை விளிம்பிலிருந்து பிளவுக்குள் இறக்கிப் பார்த்து, 310 அடி ஓடிய பிறகும் அது ஒரு சரிவில் தடைப்பட்டு நின்றதே தவிர அடியைத் தொடவில்லை என்று கண்டார். இப்போது அறியப்படும் உயரம் 350 அடிக்கும் சற்று மேல். நாட்கணக்கில் அளந்து குறித்துப் பழகிய ஒரு யாத்திரீகருடைய கண்ணே மூன்றில் ஒரு பங்கைக் கூடப் பற்றிக்கொள்ள மாட்டாமல் திகைத்தது என்றால், வீட்டிலிருந்தபடி சித்திரத்தைப் பார்க்கிறவனுடைய கண் என்ன செய்யும்?

புகைப்படக் கருவி பிறப்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, கைக்கும் கண்ணுக்கும் ஒரு கடிவாளம் வேண்டும் என்ற உணர்ச்சி சில ஓவியர்களுக்கு உண்டாகியிருந்தது. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகனான வில்லியம் டேனியலும் 1792-இல் தென்னாட்டில் சஞ்சாரம் செய்தபோது, வெளியுலகத்தின் பிம்பத்தை லென்ஸ் வழியாகத் தாளின்மேல் விழச்செய்யும் இருட்டறைப் பெட்டியையும் கூடவே கொண்டுவந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் பாபநாசத்து அருவியையும் அவர்கள் வரைந்தார்கள். அச்சித்திரம் பின்னர் லண்டனில் வெளியான அவர்களுடைய ‘ஓரியண்டல் ஸீனரி’ என்ற பெருந்தொகுதியில் இடம்பெற்றது. தாளில் விழுந்த பிம்பத்தை மனிதன் கையால் பின்பற்றவேண்டிய அவசியம் நீங்கி, அது தானே பதிந்துகொள்ளும் வித்தை 1839-இல் டாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் மூலம் உலகத்துக்கு வெளிப்பட்டது.

அவ்வித்தை வெளியாகி ஓராண்டு நிறைவதற்குள்ளேயே அது நயாகராவின் கரைக்குச் சென்றுவிட்டது. ஹ்யூ லீ பாட்டின்ஸன் என்ற ஆங்கிலேய ரசாயன நிபுணர், தொழில் சம்பந்தமாகச் சென்ற இடத்தில், 1840 ஏப்ரலில் வெள்ளி பூசிய தகடுகளில் அந்த அருவியைப் பிடித்தார். நயாகராவைப் பற்றி இன்று கிடைப்பனவற்றுள் முதற்புகைப்படங்கள் இவையே. அவற்றுள் ஒன்றில் உயர்ந்த தொப்பியணிந்த ஒருவர் கரையில் நிற்கிறார்; அவர் பாட்டின்ஸனேதான் என்று கருதப்படுகிறது. ஒளியை மெதுவாகவே உட்கொள்ளும் அக்காலத்துத் தகட்டில் உருவம் கலையாமல் பதிய வேண்டுமானால், கருவியின் மூடியைத் திறந்து திரும்ப மூடும்வரையில் அந்த மனிதர் அசையாமல் நின்றிருக்கவேண்டும். அருவியோ ஒரு கணமும் நிற்பதில்லை. ஆகவே ஓடுவது மங்கலாகவும் நிற்பது தெளிவாகவும் விழுந்து, மனித உருவமே படத்தில் நிச்சயமான பொருளாகிவிட்டது.

1845-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த லாங்கன்ஹைம் சகோதரர்கள், ஒரே தகட்டில் அடங்காத அகலத்தை ஐந்து தகடுகளில் துண்டு துண்டாகப் பிடித்து வரிசையாகச் சட்டமிட்டு, அவற்றின் பிரதிகளை விக்டோரியா மகாராணிக்கும் டாகேருக்கும் கூட அனுப்பிவைத்தார்கள். ஆனால் அருவிப் படத்தை ஒரு நிலையான ஜீவனோபாயமாகச் செய்துகொண்டவர் பிளாட் பாபிட் என்பவரே. 1853-இல் அமெரிக்கக் கரையின் பிராஸ்பெக்ட் பாயிண்ட் என்ற முனையில் படமெடுக்கும் ஏகபோக உரிமையைப் பெற்ற அவர், அருவியைப் பார்த்து மெய்ம்மறந்து நிற்கும் பிரயாணிகளை அவர்கள் அறியாதபடியே முதுகுப்புறமிருந்து பிடித்து, தகடு தயாரானதும் அவர்களிடமே அதை விலைக்குக் கொடுத்தார். போட்டிக்காரர் யாராவது அங்கே கருவியை நிறுத்திவிட்டால், பாபிட்டும் அவருடைய ஆட்களும் பெரிய குடைகளை விரித்து அதன் பார்வையை மறைப்பார்கள் என்பது அவ்வூரில் வழங்கிவந்த செய்தி. வாங்குகிறவர்களுக்கு வேண்டியிருந்தது தாங்கள் அங்கே போய்வந்ததற்கு ஒரு ருசு. நூறாண்டுகளுக்கு மேல் கழித்து அப்படங்களை நோக்குகிற நமக்கோ அந்தப் பெயரறியாத கோட்டுகளும் பாவாடைகளும் அருவியின் அளவைச் சொல்லும் கோல்களாகிவிட்டன. முகம் தெரியாமல் முதுகைக் காட்டி நிற்பதும் ஒருவகையில் நன்மையே: முகம் தெரிந்தால் பார்வை அங்கேயே தங்கிவிடும், முதுகு தெரிந்தால் அவர்கள் பார்க்கும் திசைக்கு நம் பார்வையும் செல்லும்.

அதே 1853 ஜூலையில் பாபிட்டின் கருவிக்கு முன் ஒரு பரிதாபம் நிகழ்ந்தது. நதியில் படகு கட்டறுந்துபோய் மூன்று பேர் அடித்துச்செல்லப்பட, இருவர் உடனே மடிந்தனர். ஜோசப் ஏவரி என்ற மூன்றாமவர் மட்டும் அருவிக்கு மேற்புறத்து நீர்ச்சுழிப்பில் பாறையிடையே சிக்கியிருந்த ஒரு மரக்கட்டையைப் பற்றிக்கொண்டார். கரையில் பெருங்கூட்டம் கூடி, படகுகளையும் தெப்பத்தையும் கயிற்றில் கட்டி விட்டுப்பார்த்த பிரயத்தனங்கள் யாவும் பலிக்காமல், மணிக்கணக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் கடைசியில் வெள்ளத்தில் அகப்பட்டு அருவியோடு வீழ்ந்தார். அவர் கட்டைமேல் இருந்த நிலையில் பாபிட் எடுத்த தகடு இன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. நுரைத்து விரியும் நீர்ப்பரப்பின் நடுவில் ஒரு கறுப்புக் கீற்றாகத் தெரியும் அந்த உருவத்தைப் போல நயாகரா நதியின் வலிமையை அளந்து சொன்ன படம் வேறில்லை. கலையின் ஒரு தேவையை மரணத்தின் வாயிலில் இருந்த ஒரு மனிதன் நிறைவேற்றினான் என்று எண்ணும்போது, அப்படத்தைப் புகழ்வதற்கு நாக் கூசுகிறது.

இந்தச் சமயத்தில் ஸ்டீரியாஸ்கோப் என்ற இரட்டைப் படக் கருவி வீடுதோறும் பரவிற்று. நம் இரு கண்களுக்கும் இடையே இருக்கும் இரண்டரை அங்குல இடைவெளியில் இரண்டு படங்களை எடுத்து, அவற்றை ஒரே சமயத்தில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொன்றாகக் காட்டினால், தாள் தன் தட்டைத்தன்மையை இழந்து ஆழம் பெறும். 1859-இல் லண்டனிலிருந்து சென்ற வில்லியம் இங்கிலாந்து என்பவர், நயாகராப் பள்ளத்தாக்கின் மேல் கட்டிய கயிற்றில் நடந்த பிளாண்டின் என்பவரை இம்முறையில் எடுத்த படம் பெருவாரியாக விற்பனையாயிற்று. ஆனால் இரண்டரை அங்குல இடைவெளி தொலைவிலுள்ள மலைக்கும் அருவிக்கும் ஒரு பொருட்டாகாது. அருகிலுள்ள பொருள்களே ஆழத்தில் எழுந்து நிற்கும். ஆகவே இத்தொழிலில் தேர்ந்தவர்கள் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பாறையையோ மரக்கிளையையோ நிறுத்தி, நடுவில் ஆளுருவம் ஒன்றை வைத்து, அருவியைக் கடைசிப் படியாக அமைத்தார்கள். அருகு, இடை, சேய்மை என்று படிப்படியாகக் கண்ணை அழைத்துச் செல்லும் இந்த உபாயம், பிற்பாடு ஒற்றைப் படம் எடுத்தவர்களுக்கும் ஒரு பாடமாயிற்று.

அதே 1859-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சார்லஸ் வீட் என்பவர் கலிபோர்னியாவின் யோஸெமிட்டிப் பள்ளத்தாக்குக்குள் முதன்முதலாகக் கருவியைக் கொண்டுசென்றார். நயாகராவில் அகலமே பிரச்சினை, இங்கே உயரம். யோஸெமிட்டி அருவி மூன்று கட்டமாக 2,425 அடி இறங்குகிறது. அதன் மேற்கட்டம் மட்டுமே 1,430 அடி. 1861-இல் அங்கே சென்ற கார்ல்டன் வாட்கின்ஸ் இதற்கென்றே ஒரு பெருங்கருவியைச் செய்வித்துக்கொண்டார். அதில் பொருத்தும் கண்ணாடித் தகடு நீள அகலத்தில் 22 அங்குலமும் 18 அங்குலமும் கொண்டது. சிறிய தகட்டைப் பின்னர் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி நடைமுறையில் இல்லாத அந்நாளில், பெரிய படம் வேண்டுமானால் பெரிய தகடேதான் வேண்டும். அத்தகட்டின்மேல் கொலோடியன் திரவத்தை ஒரே சீராக ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்கு முன்பே படம்பிடித்து, உடனே கூடாரத்தின் இருளுக்குள் கொண்டுபோய்த் துலக்கிவிடவேண்டும். கால்மணிக்கு மேல் தாமதித்தால் எல்லாம் வீண். கருவியும் கண்ணாடியும் ரசாயனங்களும் கூடாரமும் கோவேறு கழுதைகளின் முதுகில் மலைத்தடத்தில் சென்றன. இவ்வளவு சிரமத்தோடு அவர் கொண்டுவந்த பெருந்தகடுகள் முப்பது.

படத்தின் பருமனே அளவைச் சொல்லும் ஒரு சாதனம் என்பதை வாட்கின்ஸ் உணர்ந்திருந்தார். பெரிய தகட்டில் மரங்களின் இலைநுனி வரையில் தெளிவாக விழுந்ததால், பார்க்கிறவன் முதலில் அருவியைக் கண்டு, பிறகு அதன் அடிவாரத்தில் புல்போலத் தோன்றுவது புல்லன்று, ஓங்கி வளர்ந்த பைன் மரங்கள் என்று தெரிந்து திடுக்கிடுகிறான். ஆனால் கலிபோர்னியாவைக் காணாதவனுக்கு அந்த மரங்களின் உயரம் எப்படித் தெரியும்? அளவுகோலுக்கே ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அதே பிரயாணத்தில் மாரிபோஸாத் தோப்பிலுள்ள ‘கிரிஸ்லி ஜயண்ட்’ என்ற மாபெரும் ஸெக்கோயா மரத்தின் அடியில் கேலன் கிளார்க் என்பவரை நிறுத்தி அவர் எடுத்த படம் இவ்விஷயத்தில் பொருள் பொதிந்தது: மனிதனைக் கொண்டு அந்நாட்டு மரங்களின் ஆகிருதியை உணர்ந்த கண், மரங்களைக் கொண்டு அருவியை அளக்கப் பழகிக்கொள்கிறது. போதாதென்று படத்தின் பெயரோடு அடிக்கணக்கையும் அவர் எழுதிவைத்தார். அக்காலத்து அளவைப்படி யோஸெமிட்டி அருவிக்கு இன்றைய கணக்கைவிட அதிகமாக 2,600 அடிக்கு மேல் குறிக்கப்பட்டது. 1862-இல் நியூயார்க்கில் கூப்பில் சித்திரசாலையில் இப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1864 ஜூன் 30-ஆம் தேதி அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் அநுபவத்துக்கென்று ஒதுக்கிய சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டதற்குத் துணை நின்றவற்றுள் இவற்றையும் ஒன்றாகச் சரித்திரக்காரர்கள் எண்ணுவது வழக்கம்.

ஈரத் தகட்டின் மந்தகதியால் அருவிப் படங்களுக்கு நேர்ந்த நஷ்டம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். விநாடிக்கணக்கில் மூடி திறந்திருக்கும்போது விழுகிற நீரெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, உதறி விரித்த மஸ்லின் துணியாகிவிடும். அழகுதான்; ஆனால் உயரத்தை நமக்கு உணர்த்தும் ஓர் அடையாளம் அதில் அழிந்துபோகிறது. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இருபதடி விழுவதற்கு நீருக்கு ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஆகும்; யோஸெமிட்டியின் மேற்கட்டத்தில் விழுவதற்கு ஒன்பது விநாடிக்கு மேலாகும். எட்டத்திலிருந்து நோக்கும்போது மிகப் பெரிய அருவி மெதுவாக மிதந்து இறங்குவதுபோல் தோன்றுவதும், அந்த மந்தத்தையே நம் மனம் பிரமாண்டம் என்று பொருள் செய்துகொள்வதும் இதனால்தான். 1880-ஐ ஒட்டி விரைவான உலர் தகடுகள் பரவியபின், நீரின் திரட்சிகள் வால்நட்சத்திரங்களைப்போல் சிதறி இறங்குவதைப் பிடிக்க முடிந்தது. திரட்சி ஒவ்வொன்றும் எவ்வளவு நுண்ணியதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு அருவி வளர்ந்தது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு மேற்குப் பிரதேசங்களை ஆராய அமெரிக்க அரசாங்கம் அனுப்பிய அளவைக் குழுக்களோடு புகைப்படக்காரர்களும் சென்றார்கள். அவர்களுள் டிமோதி ஓஸல்லிவன் 1868-இலும் 1874-இலும் இடாஹோவிலுள்ள ஷோஷோன் அருவியைப் படம்பிடித்தார். 212 அடி உயரமுள்ள அது நயாகராவைவிட உயர்ந்தது. பிந்திய படங்களுள் ஒன்றில், விளிம்புக்கு அருகே பாறையின்மேல் ஒரு மனிதன் தன்னந்தனியாக நிற்கிறான். இடையில் 1873-இல் நியூமெக்ஸிகோவில் ஒரு பாறைக் கல்வெட்டை எடுத்தபோது இதே ஓஸல்லிவன் எழுத்துகளுக்குக் கீழே உண்மையான அளவுகோல் ஒன்றையே வைத்துப் படம்பிடித்திருக்கிறார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவனுக்கு அந்தப் பாறைமேல் நிற்கிற மனிதன் இன்ன காரியத்துக்காக நிற்கிறான் என்பது விளங்கும். இவ்வழக்கத்துக்கு முன்னோடியாக மாக்ஸிம் டு காம்ப் என்ற பிரெஞ்சுக்காரர் 1850-ஐ ஒட்டி எகிப்தியக் கோயில்களில் தம் படகோட்டியான ஹாஜி இஸ்மாயிலை ஏறி நிற்கச்செய்தார். அசைந்தால் கருவியின் பித்தளைக் குழாய் பீரங்கிபோல் வெடித்துவிடும் என்று அவனைப் பயமுறுத்திவைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1871-இல் யெல்லோஸ்டோனுக்குச் சென்ற குழுவில் வில்லியம் ஹென்றி ஜாக்ஸனும் தாமஸ் மொரான் என்ற ஓவியரும் கூடிப் பிரயாணம் செய்தார்கள். வெந்நீர் ஊற்றுப் படிக்கட்டுகளின் அளவு தெரிவதற்காக மொரானே ஜாக்ஸனுடைய படத்தில் போய் நின்றார். மறு வருஷம் அவர் தீட்டிய ஏழடிக்குப் பன்னிரண்டடிப் பெருஞ்சித்திரத்தில் அங்குள்ள 308 அடிக் கீழருவி தொலைவிலே ஒளிர, முன்புறத்தில் புள்ளிபோன்ற மனிதர்கள் நிற்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் அதைப் பத்தாயிரம் டாலருக்கு வாங்கிற்று.

ஓவியத்து மனிதனுக்கும் புகைப்படத்து மனிதனுக்கும் இருக்கும் வித்தியாசம் இங்கேதான். ஓவியன் தன் மனிதனை எவ்வளவு வேண்டுமானாலும் குறுக்கலாம். புகைப்படக்காரனுடைய மனிதன் அந்தப் பாறைவரையில் நடந்து சென்று நின்றவன்; அவனைக் குறுக்குவதற்குத் தூரத்தைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் தூரத்தைக் கொண்டும் பொய் சொல்லலாம் என்பதை மறக்கலாகாது. ஆளை அருவியின் அடியில், அதே தொலைவில், பின்னணியோடு கலந்துபோகாத நிறத்தில் நிறுத்தினால் அவன் மெய்யான அளவைத் தருவான். கருவிக்கு மிக அருகே நிறுத்தினால் அருவி அவன் தோளுக்குக் கீழே சுருங்கிவிடும். அருவியைத் தாண்டி எட்டத்தில் நிறுத்தினால் சிற்றருவியும் பெருமிதம் கொள்ளும். ஆகவே சாட்சி மெய்யாயிருந்தால் மட்டும் போதாது, அவனை நிறுத்துகிறவனும் நேர்மையுடையவனாக இருக்கவேண்டும்.

மனிதனே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. பிரடெரிக் சர்ச் 1857-இல் தீட்டிய ஏழரையடி அகல நயாகராவில் முன்புறத்தில் ஆளுமில்லை, ஊன்றிநிற்கத் தரையுமில்லை. நீரின் விளிம்பிலேயே நாம் தொங்குகிறோம். பார்க்கிறவனையே அளவுகோலாக்கிவிட்ட துணிவு அது. இருபதாம் நூற்றாண்டில் ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற புகைப்படக்காரரும் யோஸெமிட்டியைப் பெரும்பாலும் மனித வாடையின்றியே காட்டி, மரத்தையும் பாறைப் பிளவையும் ஒளியையும் கொண்டு அளவை உணர்த்தினார். பழகிய இடத்துக்கு இம்முறை சாலும். ஒருவரும் காணாத இடத்துக்கு மனித உருவத்தின் துணையின்றி முடியாது என்பதே என் கருத்து.

அந்த உருவத்தை நிறுத்தவே இடமில்லாத அருவி ஒன்று வெனிசுவேலாவின் காட்டுக்குள் இருந்தது. ஜிம்மி ஏஞ்சல் என்ற விமானி 1933-இல் அதைக் கண்டார். 1937 அக்டோபரில் மலையுச்சியில் விமானத்தை இறக்க, அது சேற்றில் புதைந்துவிட, மனைவியோடும் இரண்டு துணைவர்களோடும் பதினொரு நாள் நடந்து கீழே வந்து சேர்ந்தார். ஆகாயத்திலிருந்து எடுக்கும் படங்களில் அந்த அருவி ஒரு வெள்ளை நூலாகவே தெரியும். அருகே மரமும் மனிதனும் அடையாளம் காண இயலாத உயரம் அது. 1949-இல் ரூத் ராபர்ட்ஸன் என்ற பெண் புகைப்படக்காரர் ஒரு குழுவைத் திரட்டி, ஓடங்களில் நதியேறி, காட்டைக் கடந்து அதன் அடிவாரத்தை அடைந்தார். அவருடைய குழு கருவிப் பெட்டிகளோடு நில அளவைச் சாதனங்களையும் சுமந்து சென்றது. அளவையின் முடிவு 3,212 அடி. உலகத்தின் மிக உயர்ந்த அருவி அதுவே என்று ஐயமற நிலைபெற்றது. அவ்வாண்டு நவம்பரில் ‘நாஷனல் ஜியாகிரபிக்’ பத்திரிகையில் படங்களும் கணக்கும் சேர்ந்தே வெளிவந்தன. எண்ணை மட்டும் படிக்கிறவன் அதை அறிவானே ஒழிய உணரமாட்டான். படத்தை மட்டும் பார்க்கிறவன் உணர்ந்தாலும் எவ்வளவு நம்புவது என்று அறியமாட்டான். அருவியைப் படம்பிடிக்கப் புறப்படுகிறவன் அதை அளக்கவும் கடமைப்பட்டவன் என்ற இந்தத் தொழிலின் பழைய உண்மையை, ஒருவரையும் அருகே நிறுத்த முடியாத அந்த அருவியில், கருவியையும் அளவுச் சங்கிலியையும் ஒருசேரக் கொண்டுபோன ஒரு பெண்மணி நிலைநாட்டினார்.